ஒசானும் மூன்று சித்தப்பாக்களும்

பெல்வோனில் யாரும் வயதை வருடத்தில் சொல்வதில்லை. எந்தச் சித்தப்பா காலத்தில் பிறந்தவன், எந்தச் சித்தப்பா காலத்தில் கல்யாணம் ஆனவள் என்றுதான் சொல்வார்கள். அந்த வகையில் ஒசானுக்குக் கல்யாணம் ஆனது முதல் சித்தப்பா காலத்தில். அவள் புருஷன் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டதும் அதே சித்தப்பா காலத்தில்தான். முழங்கால் வலி வந்தது இரண்டாவது சித்தப்பா காலத்தில். இப்போது மூன்றாவது சித்தப்பா பட்டத்துக்கு வந்திருக்கிறார். வலி மற்ற முழங்காலுக்கும் வந்துவிட்டது.

இவர்கள் அவளுடைய சித்தப்பாக்கள் இல்லை. அவள் சமைத்துப் போட்டுத் துணி துவைத்துக் கொடுக்கும் எஜமானர் எமெரியின் சித்தப்பாக்கள். ஆனால் எமெரியைவிட அவள்தான் அவர்களுடைய இருமலையும் காய்ச்சலையும் அதிகம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மற்ற இடங்களில் பிரபு செத்தால் பட்டம் மகனுக்குப் போகும். எங்கள் புவாத்தூ பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் அப்படியில்லை. மூத்தவன் செத்தால் அடுத்த தம்பி, அவன் செத்தால் அதற்கடுத்த தம்பி என்று ஆயுசு உள்ளவரை ஒவ்வொருவராக ஆண்டு முடிக்க வேண்டும். கடைசித் தம்பியும் கண்ணை மூடிய பிறகுதான் பட்டம் திரும்பி மூத்தவனுடைய மகனிடம் வரும். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. நிச்சயம் யாருக்காவது தம்பியாகத்தான் இருந்திருப்பான்.

எமெரியின் அப்பா குதிரையிலிருந்து விழுந்து செத்தபோது எமெரிக்கு மீசை அரும்பியிருந்தது. மலைமேல் இருந்த கோட்டையிலிருந்து அவனை இறக்கி, அடிவாரத்தில் கீழ்வீட்டில் உட்காரவைத்தார்கள். வரவேண்டிய வாரிசுக்கு வழக்கப்படி ஒரு வீடு, ஒரு குளம், விறகு, வருஷத்துக்கு இத்தனை மூட்டை அவரைப் பயறு. பட்டம் இல்லாதவரைப் பிரபு என்று கூப்பிட முடியாது. முதலில் மரியாதையாக 'வரப்போகும் பிரபு' என்றார்கள். ஒரு சித்தப்பா போய் இன்னொரு சித்தப்பா வந்ததும் அது தேய்ந்து 'வரப்போறவர்' என்றாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் அதுதான் அவருடைய ஞானஸ்நானப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒசானின் புருஷன் லாம்பேர் கோட்டையில் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். முதல் சித்தப்பா ரெனோ ஆண்ட காலம். விருந்தாளிகளோடு ஒரு நாள் பன்றி வேட்டை. லாம்பேர் கொஞ்சம் அவசரப்பட்டுக் கயிற்றை விட்டுவிட்டான். ரெனோவின் செல்ல வெள்ளை நாயைப் பன்றி வயிற்றில் குத்திக் கிழித்துவிட்டது. ரெனோ கெட்டவர் இல்லை, ஆனால் முன்கோபி. அத்தனை விருந்தாளிகளுக்கு முன்னால், "இந்தத் தூயே ஆத்துக்கும் எல்லைக்கல்லுக்கும் நடுவுல இனி இவன் தலை தெரிஞ்சா வலது கை இருக்காது" என்று சொல்லிவிட்டார். பிரபு நாலு பேர் கேட்கச் சொன்ன சொல் சட்டம். சாயங்கால மணி அடிப்பதற்குள் லாம்பேர் ஒரு ரொட்டியை மடியில் கட்டிக்கொண்டு கடலோர உப்பளத்தைப் பார்த்து நடந்தான். அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது அறுவடைகூட முடியவில்லை.

மறுநாள் ஒசான் கீழ்வீட்டுத் துணிமூட்டையை எடுக்க வந்தவள், மூட்டைமேலேயே உட்கார்ந்து அழுதாள். எமெரி மாடியிலிருந்து இறங்கி வந்தான். இருபது சொச்சம் வயது, நல்ல உயரம். துணி துவைப்பவளோடு பேச அவனுக்குக் கூச்சம் கிடையாது.

"அழாதே. பட்டம் என் கைக்கு வந்த அன்னிக்கு முதல் வேலை உன் புருஷனைக் கூப்பிடறதுதான். நான் சொல்றேன், எழுதி வெச்சுக்கோ."

"எனக்கு எழுதத் தெரியாதுங்க ஐயா."

"எனக்கும்தான் தெரியாது. ஞாபகம் வெச்சுக்கோ."

"மலைமேல போய் ரெனோ பிரபு கால்ல விழுந்தா என்னங்க?"

"விழுந்து என்ன பண்றது? ஆயுசுக்கு மட்டும் ஆள்றவங்க அவங்க. சொன்ன சொல்லை அவங்களா அழிக்க முடியாது. பட்டம் என் கைக்குத் திரும்பினா நான் அழிச்சுடலாம். நீ மலைமேல போய் நிக்காதே, அசிங்கம்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பிற்பாடு அவளுக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து அவள் கீழ்வீட்டோடு ஒட்டிக்கொண்டாள். துணி துவைத்தாள், பிறகு சமைத்தாள், பிறகு எல்லாமே அவள்தான். எமெரிக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், ஈல் மீன் கறியைச் சாப்பிடுவார்கள், "பட்டம் எப்ப வரும்?" என்று கேட்பார்கள், போய்விடுவார்கள். கைநிறையக் குளிரும் வாய்நிறைய நம்பிக்கையுமாக அந்த வீட்டில் இருவர் இருந்தார்கள், மேலே ஒருவர், கீழே ஒருத்தி.

முதல் வருஷம் உப்புக் கோவேறு கழுதைகளோடு வரும் பெர்தோ லாம்பேரிடமிருந்து செய்தி கொண்டுவந்தான். "அது காய்ச்சல் ஊரு, நீ வந்துடாதேன்னு சொல்லச் சொன்னான். ரெனோவுக்கு நெஞ்சுச் சளியாமே, அது எத்தனை நாள் தாங்கும், நானே வந்துடறேன்னான்."

ஒசான் சிரித்தாள். அப்போது அவளுக்கும் அப்படித்தான் பட்டது. சளி பிடித்த கிழவர், அவருக்குப் பின் நோஞ்சான் தம்பி ஆர்வே, அதற்குப் பின் தீபோ. மூன்றே பேர். இளவயதில் மூன்று என்பது சின்ன எண்ணிக்கை.

ரெனோவின் நெஞ்சுச் சளி பன்னிரண்டு குளிர்காலம் தாங்கியது. அவர் போன அன்று கோட்டை மணி அடித்தது. ஒசான் லாம்பேரோடு வாழ்ந்த தன் குடிசைக்கு ஓடினாள், படுக்கையில் புது வைக்கோல் திணித்தாள், அடுப்பைப் பூசினாள். பாதியில் ஞாபகம் வந்தது, இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று. தெரியாததா என்ன? ஆனால் மணிச்சத்தத்தைக் கேட்டதும் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. வைக்கோலைப் பிடுங்கி எறியவும் மனமில்லை. அதிலேயே படுத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எமெரி பட்டத்துக்கு வரும் நாளுக்காக அணில்தோல் அங்கி ஒன்று தைத்து வைத்தார். வருஷா வருஷம் பாஸ்காத் திருநாளில் ஒசான் அதை வெயிலில் போட்டுப் பூச்சி தட்டுவாள். எமெரி தடித்த வருஷங்களில் பக்கவாட்டைப் பிரித்துவிட்டாள். இளைத்த வருஷங்களில் பிடித்துத் தைத்தாள். கடைசியில் அங்கியில் அணிலைவிட ஒசானின் நூல்தான் அதிகம் இருந்தது.

இரண்டாவது சித்தப்பா ஆர்வே பிறந்ததிலிருந்தே சாகக் கிடந்தவர். பட்டத்துக்கு வந்தபோதே இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஊரே ஒசானை ஒரு மாதிரி கனிவோடு பார்த்தது. இந்த மழைக்காலம் தாண்டாது என்றார்கள். மழைக்காலம் தாண்டியது. தபசு காலத்தில் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு மலையேறினார், சாகும்முன் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசினார், இறங்கினார். மறுநாள் ஆர்வே எழுந்து உட்கார்ந்து ஆட்டுக்கால் கஞ்சி கேட்டார். இது ஒரு தடவை நடந்தால் அதிசயம். வருஷா வருஷம் நடந்தது.

ஊர் அடுப்பில் ரொட்டி சுடும் சிபீல் வாயை மூடிக்கொண்டிருக்கிற ரகமில்லை. "எண்ணெய் பூசிப் பூசியே மனுஷன் பளபளன்னு ஆயிட்டாரு" என்பாள். "நம்ம சாமியாரும் கொஞ்சம் குறைச்சுப் பூசினாத்தான் என்ன?"

"பாவம் பேசாதே."

"நான் பேசலடி. ஒவ்வொரு தடவையும் நீ வீடு கூட்டுறியே, அது பேசலையா?"

ஒசானுக்குச் சுருக்கென்றது. ஒரு மனிதன் சாவதற்காகத் தினமும் காத்திருப்பது பாவம்தான், அதை அவள் பாவசங்கீர்த்தனத்தில் பலமுறை சொல்லியிருக்கிறாள். சாமியார் ஒவ்வொரு முறையும் ஒரே பிராயச்சித்தம் கொடுத்தார். முதலில் முழங்காலில் நின்று ஜெபித்தாள். பிறகு முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, உட்கார்ந்தே ஜெபித்தாள்.

ஆர்வேயின் நடுக்காலத்தில் ஒருமுறை அவளுக்கு வெறுத்துப்போனது. துணியை மூட்டை கட்டிக்கொண்டு எமெரியிடம் போய், "நான் உப்பளத்துக்கே போயிடறேங்க ஐயா. அங்க அவரோட இருந்துக்கறேன்" என்றாள்.

எமெரி அவளையே பார்த்தார். "இப்பவா? நேத்துதான் ஆர்வே சித்தப்பாவுக்கு எண்ணெய் பூசினாங்க. நீ அங்க போய்ச் சேர்றதுக்குள்ள இங்க மணி அடிச்சுடும்."

"அடிச்சாலும் அடுத்தவர் இருக்காரே."

"தீபோவா? அவன் தினம் ஒரு சண்டைக்குப் போறவன். இன்னிக்கோ நாளைக்கோ எவன் ஈட்டியிலாவது விழுவான். எல்லாம் கூடி வர்ற நேரத்துல நீ போயிட்டா குடிசையை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. உன் புருஷன் திரும்பி வந்தா எங்க இருப்பான்? யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். மூட்டையை அவிழ்த்துத் துணிகளைப் பழைய இடத்தில் வைத்தாள். அன்று ராத்திரி முட்டைக்கோஸ் கஞ்சியில் உப்பு போட மறந்துவிட்டாள். எமெரி அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பெர்தோ கொண்டுவரும் செய்திகளும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கின. முதலில் ஒரு மூச்சு நிறையப் பேச்சு வரும். கூரை மாற்றினேன், காலில் உப்புப் புண், உன் கை ரொட்டி ஞாபகம் வருகிறது என்று. பிறகு நலமா, நலம். பெர்தோ செத்து அவன் மகன் கழுதைகளை ஓட்ட வந்த பிறகு ஒரே கேள்விதான் வந்தது: "இப்ப எந்தச் சித்தப்பா?" ஒசானும் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினாள். இரண்டு பேரும் அதைத்தான் பிரியம் என்று வைத்துக்கொண்டார்கள்.

ஒருவழியாக ஆர்வே எண்ணெய் பூசாத ஒரு மத்தியானத்தில், வால்நட் உடைத்துத் தின்றுகொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். இந்தத் தடவை மணி அடித்தபோது ஒசான் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மூன்றாவது சித்தப்பா தீபோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எமெரியின் தாத்தா வயதான காலத்தில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை அவர். அதனால் சித்தப்பா அண்ணன் மகனைவிட ஐந்து வயது இளையவர். எந்த ஈட்டியிலும் விழாமல் ஐம்பதைத் தொட்டவர். நல்ல பல், நல்ல பசி. பட்டாபிஷேகத்தன்று எமெரி மலையேறிப் போய் வழக்கப்படி அவர் முன்னால் மண்டியிட்டார். மண்டியிட்டவருக்கு எழ முடியவில்லை. தீபோ குனிந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, "எழுந்திரு மகனே" என்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தீபோவும் சிரித்தார். கெட்ட எண்ணமில்லை, அவர் சுபாவம் அப்படி.

எமெரி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். கட்டிலில் கிடக்கும் அந்த மனிதரைப் பார்த்துத் தனக்கு இரக்கம் வருவது ஒசானுக்கே ஆச்சரியம்.

வருஷா வருஷம் மிக்கேல் சம்மனசு திருநாளுக்குக் கீழ்வீட்டுக் குளத்து ஈல் மீனில் ஒரு கூடை மலைமேல் போக வேண்டும். ஊர்ப் பையன்கள் யாராவது கொண்டுபோவார்கள். அந்த வருஷம் எவனும் கிடைக்கவில்லை, ஒசானே கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். ரெனோ காலத்துக்குப் பிறகு அவள் அந்த முற்றத்தில் கால் வைத்ததில்லை. தீபோ அங்கே சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு நாயின் பாதத்திலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஈலா? அங்க வை. நீ யாரு, எமெரி வீட்டு ஒசான்தானே?"

"ஆமாங்க பிரபு."

"லாம்பேர் பொண்டாட்டி. எனக்கு முதல் நாய்க்குட்டி குடுத்தது அவன்தான், தெரியுமா? காது ஒண்ணு மடிஞ்சிருக்கும். அவன் இன்னும் உப்பளத்துலயா கிடக்கான்?"

"ஆமாங்க. பட்டம் எங்க ஐயா கைக்குத் திரும்பினாத்தானே அவர் வரமுடியும்."

தீபோ முள்ளை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "யார் சொன்னது?"

ஒசானுக்குப் பயம் வந்தது. தான் ஏதோ அவர் சாவைப் பற்றிப் பேசிவிட்டதாக நினைத்தாள். "தப்பா சொல்லலைங்க. ஆயுசுக்கு ஆள்றவங்க சொன்ன சொல்லை அவங்களா அழிக்க முடியாதுன்னு…"

"அவங்களா முடியாது. சரி. ரெண்டு கையுறை வெச்சா முடியுமே."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தீபோ நாயைத் தட்டி அனுப்பிவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "இங்க பாரு. நாங்க தம்பிங்க ஒரு நிலத்தைக் குடுக்கணும்னாலோ, ஒரு சொல்லை அழிக்கணும்னாலோ, சாமியார் முன்னால மேசைமேல என் கையுறையை வெக்கணும். பக்கத்துல வரப்போறவன் அவன் கையுறையை வெக்கணும். அவ்வளவுதான். ரெனோ அண்ணன் அந்த வருஷமே மனசு மாறிட்டாரு. நாய்க்காக மனுஷனைத் துரத்திட்டேனேன்னு எமெரிக்கு ஆள் அனுப்பினாரு. மாட்டேன்னுட்டான். ஆர்வே அண்ணனும் எண்ணெய் பூசும்போதெல்லாம் கேட்டாரு, ஆத்மா கணக்குக்காக. மாட்டேன்னுட்டான். உனக்குத் தெரியும்னுல்ல நாங்க நினைச்சோம். அந்த வீட்டுலயே கிடக்கியே."

ஒசான் கூடையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஈல் ஒன்று நழுவிக் கல்தரையில் விழுந்து நெளிந்தது. அதை எடுத்து மறுபடி கூடைக்குள் போட்டாள்.

"எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல" என்றார் தீபோ. "அவனை இன்னிக்கே கூட்டிட்டு வா, என் கையுறை தயார்."

மலையிறங்கும்போது அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது களைப்புதான். பாதி வழியில் ஒரு கல்மேல் உட்கார்ந்தாள். கீழே தூயே ஆறு, அதன் ஓரத்தில் கீழ்வீட்டுப் புகைபோக்கி. காலையில் அவள் மூட்டிவிட்டு வந்த அடுப்பு.

எமெரி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாதக் கால், ஒசான்தான் தினமும் மூலிகை போட்டு நீர் சுடவைத்துக் கொடுப்பாள். இன்று அவரே எப்படியோ ஊற்றிக்கொண்டு தரையெல்லாம் ஈரம் பண்ணி வைத்திருந்தார்.

"கையுறை விஷயம் நிஜமாங்க ஐயா?"

அவர் 'என்ன கையுறை' என்று கேட்கவில்லை. அதற்காக அவள் பிற்பாடு அவரைக் கொஞ்சம் மதித்தாள். காலை நீருக்குள் அசைத்தபடி, "தீபோ சொன்னானா?" என்றார்.

"நிஜமா?"

"நிஜம்தான்."

"ஏன் வெக்கல?"

எமெரி காலை நீரிலிருந்து எடுத்துப் பாத்திர விளிம்பில் வைத்தார். பிறகு பேசியபோது அது பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்த பேச்சாக இருந்தது. "ஒரு தடவை வெச்சா வெச்சதுதான் ஒசான். இன்னிக்கு உன் புருஷன். நாளைக்குக் காட்டுல பாதியை மடத்துக்குக் குடுக்கறேன், வெய்யின்னுவாங்க. அதுக்கடுத்து ஆலையை மச்சானுக்குக் குடுக்கறேம்பாங்க. போன தடவை வெச்சியே, இப்ப என்னன்னு கேப்பாங்க. பட்டம் என் கைக்கு வரும்போது வெறும் கோட்டைதான் மிஞ்சும். எதுலயும் கை வெக்கறதில்லைன்னு அப்பா செத்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அந்த ஒண்ணைத்தான் நான் காப்பாத்தி வெச்சிருக்கேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ கேப்பே. நீ கேட்டா நான் வெச்சிருப்பேன்."

இது உண்மை என்று ஒசானுக்குப் புரிந்தது. எமெரி கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு நிலமில்லை, படையில்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஒன்றுதான் அவருடைய ஆயுளில் அவர் கையில் இருந்த அதிகாரம். அதை ஒரு நாய்க்காரனுக்காகச் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை. சீக்கிரமே எல்லாம் முடிந்துவிடும் என்று அவரும் நம்பினார். அவளைப் போலவேதான்.

"இப்ப கேக்கறேன்" என்றாள். "இப்ப வைங்க. தீபோ பிரபு இன்னிக்கே வரச் சொன்னாரு."

எமெரி சுவரில் தொங்கிய கையுறையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் கையை நீட்டியிருந்தால் ஒசான் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள், அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள்.

"போன வாரம் தீபோ குதிரையிலருந்து விழுந்தானாம், தெரியுமா?" என்றார் எமெரி மெதுவாக. "வெளியில காட்டிக்கல. உள்காயம் இருக்கும்னு கொல்லன் சொல்றான். கொஞ்சம் பொறு ஒசான். இத்தனை வருஷம் பொறுத்தாச்சு."

ஒசான் குனிந்து அவர் காலைத் துணியால் துடைத்தாள். விரலிடுக்கையும் துடைத்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துப்போய்க் கொல்லையில் கொட்டினாள்.

விடிந்ததும் ஊர் அடுப்புக்குப் போனாள். சிபீல் மரத்துடுப்பால் ரொட்டிகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். ஒசானின் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"எங்கடி?"

"உப்பளத்துக்கு."

"அவன் கூப்பிட்டானா?"

"இல்ல."

"வரப்போறவருக்கு யார் சமைப்பா?"

"பட்டம் வந்ததும் சமையக்காரன் வெச்சுக்குவாரு."

வாழ்நாள் முழுக்க அவளைக் கிண்டல் செய்தவள் சூடாக ஒரு ரொட்டியை எடுத்து, சாம்பலைத் தட்டி, ஒசானின் மூட்டைக்குள் தானே திணித்தாள். "முழங்காலைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

எல்லைக்கல்லை ஒசான் அதுவரை பார்த்ததில்லை. அங்கே காவல் இருக்கும், கேட்பார்கள், ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு வந்தாள். முள்செடிக்கு நடுவே இடுப்பளவுக் கல் ஒன்று சாய்ந்து நின்றது. அதில் ஒரு ஆடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. லாம்பேர் உள்ளே வரக்கூடாது என்றுதான் ரெனோ சொன்னார். ஒசான் வெளியே போகக்கூடாது என்று யாரும் எப்போதும் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் அவளுக்கு அழுகை வந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, ஆட்டை விரட்டிவிட்டு நடந்தாள்.

உப்பளத்தில் லாம்பேரோடு வேறொருத்தி இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பும் வந்தது. இருந்தால் இருக்கட்டும், நியாயம்தான், பார்த்துவிட்டாவது வரலாம். முதல் ராத்திரி கன்னியர் மடத்து வைக்கோல் போரில் படுத்தாள். அடுத்த ராத்திரி ஒரு ஆட்டுப்பட்டியில். மறுநாள் விடியும்போதே தரை தட்டையாகிப்போய்க் காற்றில் உப்பு வாடை வந்தது.

உப்புப் பாத்திகளின் நடுவே வரப்புமேல் கூனிப்போன கிழவன் ஒருவன், மழை வருமுன் கடைசி உப்பை நீண்ட வாருகோலால் இழுத்துக்கொண்டிருந்தான். கால் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. ஒசான் அங்கே நின்ற கழுதைக்காரப் பையன் ஒருவனிடம் லாம்பேர் எங்கே என்று கேட்க வாயெடுத்தாள். அப்புறம் அந்தக் கிழவன் கோலை மாற்றிப் பிடித்த விதத்தைப் பார்த்தாள். நாய்க்கயிற்றை அப்படித்தான் பிடிப்பான்.

பக்கத்தில் போய் நின்றாள். அவன் நிமிர்ந்தான். முதலில் யாரோ உப்பு வாங்க வந்தவள் என்று நினைத்து விலையைச் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான். கோல் கையிலிருந்து தண்ணீருக்குள் சரிந்தது.

"ஒசானா?"

"ஆமாங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், வெள்ளை முடியைப் பார்த்தான், கிழிந்த செருப்பைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது.

"பட்டம் வந்துடுச்சா அவருக்கு?"

"வரல."

"வரலையா? எந்தச் சித்தப்பா இப்ப?"

"தீபோ."

"அப்ப எப்படி வந்தே?"

"நடந்துதான்" என்றாள் ஒசான்.

லாம்பேர் அவள் வந்த பாதையைப் பார்த்தான். தட்டைத் தரை, குட்டை மரங்கள், அதற்கப்பால் ஒன்றுமில்லை. வரப்பில் அப்படியே உட்கார்ந்தான். அவளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாள் வழிதானே அது" என்றான்.

"ஆமா" என்றாள். "ரெண்டு நாள்தான்."